பரங்கிப்பேட்டையின் பெயர் கொண்ட கொசு

கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையின் பழைய பெயரான போர்ட்டோ நோவோவைத் தன் பெயரில் கொண்ட கொசு ஒன்று உண்டு. அறிவியலார் அதை ஏடிஸ் போர்ட்டோநோவோயென்சிஸ் என்று அழைக்கிறார்கள். மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த திவாரி, ஹிரியன் ஆகிய இருவரும் அதைப் புதிய இனம் என்று விவரித்துப் பெயரிட்டவர்கள். அலையாத்திக் காடுகளையும் கடலோர உவர்நீரையும் சார்ந்து வாழும் ரைனோஸ்கூசியா என்னும் சிறு பிரிவைச் சேர்ந்தது அது. டெங்கு, மலேரியா என்று ஊரில் பேச்சு எழும்போது இதன் பெயரை யாரும் சொல்வதில்லை.

புதுச்சேரியில் 1975 முதல் இயங்கிவரும் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் அறிவியலாளர்கள் பிரதீப் குமார், ராஜவேல், நடராஜன், ஜம்புலிங்கம் ஆகியோர் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 15 பேரினங்களைச் சேர்ந்த 63 இந்தியக் கொசு இனங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரே மரபணுத் துண்டைப் படித்து, அதை மட்டும் வைத்து இனத்தைச் சொல்ல முடியுமா என்று பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லா இனங்களிலும் நுண்ணோக்கி சொன்னதையே மரபணுவும் சொன்னது. தடுக்கியது ஓர் இடத்தில்தான். பரங்கிப்பேட்டைக் கொசுவையும் அதன் நெருங்கிய உறவான ஏடிஸ் வார்டி என்ற இனத்தையும் இரண்டாகப் பிரிக்க அந்தத் துண்டால் முடியவில்லை.

மற்ற இனங்களில் கிடைத்த வெற்றி பெரிது. ஆனால் மரபணு முறை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அந்த வெற்றியைவிடத் தெளிவாகக் காட்டுவது இந்த ஒரு தடுக்கல்தான் என்பது என் எண்ணம்.

உலகில் 3,500க்கு மேற்பட்ட கொசு இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. இந்தியாவில் மட்டும் 400 அளவில் உண்டு. இவற்றில் மனிதருக்கு நோய் தருபவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் ஒரே இடத்தில் முட்டையிடுவதில்லை. டெங்குக் கொசு வீட்டுக்குள் இருக்கும் டிரம்மிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் முட்டையிடும். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் சாக்கடையை நாடும். நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபென்சி கிணற்றையும் மாடித் தொட்டியையும் தேடிப் போகும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலைக் கொண்டுவருபவை நடவு வயல் நீரில் வளர்கின்றன. பெயரைத் தப்பாகச் சொன்னால் மருந்து தப்பான தண்ணீருக்குப் போய்ச் சேரும். அரசுப் பணம் வீணாவது ஒரு பக்கம். காய்ச்சல் நிற்காமல் போவது அதைவிடப் பெரிய கேடு.

சிறகின் புள்ளி, காலின் வெள்ளை வளையம், முதுகுச் செதிலின் நிறம் என்று பார்த்தே பெரும்பாலான கொசுக்களைச் சொல்லிவிடலாம். கண் தோற்கும் இடங்களும் உண்டு. இத்தாலியில் நூறாண்டுக்கு முன் ஒரு புதிர் இருந்தது. மலேரியாவைப் பரப்பும் என்று தெரிந்த அனாபிலிஸ் மாக்குலிபென்னிஸ் சில ஊர்களில் ஏராளமாகப் பறந்தது, ஆனால் அங்கே மலேரியாவே இல்லை. 1926இல் ஃபல்லெரோனி என்ற சுகாதாரத் துறைக்காரர் அந்தக் கொசுவின் முட்டைகளைக் கூர்ந்து பார்த்து, அவற்றின் மேற்பரப்புக் கோலம் ஒரே மாதிரி இல்லை என்று கண்டார். ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருந்தன. அவற்றில் சில மனிதரைக் கடித்தன, சில மாட்டோடு நின்றுவிட்டன. வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் தமக்குள் கலக்காத இத்தகைய இனங்களை உடன்பிறப்பு இனங்கள் என்கிறோம்.

நம் ஊரிலேயே இதற்கு நல்ல சான்று ராமேசுவரம். இந்தியக் கிராமங்களில் மலேரியாவைப் பரப்பும் முதன்மைக் கொசு அனாபிலிஸ் குலிசிஃபேசிஸ். அதற்குள் ஏ, பி என்று இரண்டு உடன்பிறப்பு இனங்கள் இருப்பதை 1980இல் கிரீன், மைல்ஸ் என்ற இருவர் நிறப்புரிகளைப் படித்துக் காட்டினார்கள். பிறகு சி, டி என்று பட்டியல் நீண்டது. இவற்றில் பி என்ற இனம் பெரும்பாலும் மாட்டு இரத்தத்தை நாடுவது, இந்தியாவின் பல பகுதிகளில் மலேரியாவைப் பரப்புவதில் அதன் பங்கு மிகக் குறைவு. ராமேசுவரம் தீவில் கிடைத்ததோ பி மட்டும்தான். ஆனாலும் அங்கே மலேரியா இருந்தது. கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒட்டுண்ணியும் கிடைத்தது.

அந்தப் புதிரை அவிழ்த்தவர்கள் ஆண் கொசுப்புழுவின் ஒய் நிறப்புரியைப் பார்த்தார்கள். சில குடும்பங்களில் அந்த நிறப்புரியின் வடிவம் வழக்கமான பி இனத்தில் உள்ளதுபோல் இல்லை. தாய்க் கொசுக்களை இந்த வேறுபாட்டின்படி இரண்டாகப் பிரித்து நோய்த்தொற்றைப் பார்த்தபோது, மலேரியாவைச் சுமந்தது புதிய வகை என்று தெரிந்தது. 1999இல் அதற்கு ஈ என்ற எழுத்து கிடைத்தது. இலங்கையிலும் இதே குழப்பம் இருந்தது. பி இனம்தான் அங்கே மலேரியாவைப் பரப்புகிறது என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். பின்னர் அங்கும் ஈ இருப்பது வெளிப்பட்டது. பாக் நீரிணையின் இரு கரையிலும் ஒரே கொசு ஒரே தவறான பெயரில் இருந்திருக்கிறது.

கடலூர் மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமானது அனாபிலிஸ் சப்பிக்டஸ் கதை. நெல்வயல், குட்டை, மழை தேங்கிய பள்ளம் என்று எங்கு பார்த்தாலும் இருக்கும் கொசு இது. உள்நாட்டு ஊர்களில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. 1981இல் பணிக்கரும் அவரோடு பணியாற்றியவர்களும் தென்கிழக்குக் கடற்கரைச் சிற்றூர்களில் இதுவே மலேரியாவைப் பரப்புகிறது என்று கரன்ட் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். உள்நாட்டில் தீங்கில்லாத கொசு கடலோரத்தில் மட்டும் ஏன் நோயைச் சுமக்கிறது? மறு ஆண்டே சுகுணா இதற்கு விடை தேடினார். புதுவைக் கடலோரத்துக் கொசுக்களின் நிறப்புரிகளைப் படித்து, நன்னீரை நாடும் ஏ, உவர்நீரில் வளரும் பி என்று சப்பிக்டசை இரண்டாகப் பிரித்தார். 1994இல் அவரும் ரத்தினம், ராஜவேல், தாண்டா ஆகியோரும் சி, டி என்று மேலும் இரண்டைச் சேர்த்தார்கள்.

அந்த வேலை எவ்வளவு பொறுமையைக் கேட்டது என்பதை இன்று டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். கருவியின் முன் நிற்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். சப்பிக்டசின் நிறப்புரியைப் படிக்கப் பெண் கொசு வேண்டும், அதுவும் இரத்தம் குடித்து முட்டை பாதி வளர்ந்த நிலையில் வேண்டும். அப்போதுதான் சூலகத்து ஊட்டச் செல்களில் நிறப்புரிகள் பட்டை பட்டையாகத் தடித்துத் தெரியும். ஒருநாள் முந்தினாலும் பிந்தினாலும் அந்தக் கொசு பயன்படாது. அந்தச் சூலகத்தை எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்துச் சாயமேற்றி, நசுக்கிப் பரப்பி, எக்ஸ் நிறப்புரியில் ஒரு துண்டு திரும்பிக் கிடக்கிறதா இல்லையா என்று தேடுவார்கள். முட்டையைப் பார்ப்பது இன்னொரு வழி. அனாபிலிஸ் முட்டையின் இருபுறமும் மிதவை உண்டு. அதில் உள்ள வரப்புகளை எண்ண வேண்டும். 31 முதல் 36 வரை இருந்தால் ஏ, 16 முதல் 20 வரை இருந்தால் பி. அரை மில்லிமீட்டர் அளவுள்ள முட்டையில் இதை எண்ணிப் பார்த்தவர்களின் உழைப்பின்மேல்தான் அடுத்து வந்த எல்லாம் நிற்கின்றன.

அடுத்து வந்தது ஓர் அதிர்ச்சி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சின்னத்தம்பி நோபிள் சுரேந்திரன், டெல்லி தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தின் ஓ.பி. சிங் உள்ளிட்ட குழுவினர் இலங்கையின் கிழக்கு மாகாணக் கடலோரத்தில் சப்பிக்டஸ் கொசுக்களைச் சேகரித்தார்கள். உருவ அடையாளங்களைக் கொண்டு அவற்றை ஏ, பி, சி, டி என்று பிரித்துவிட்டு, ரைபோசோம் மரபணுவின் இரண்டு பகுதிகளைப் படித்தார்கள். பி என்று குறிக்கப்பட்டவற்றில் பல சப்பிக்டசே அல்ல. அவை தென்கிழக்காசியக் கடலோரங்களிலும் அந்தமான் நிக்கோபாரிலும் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் சுண்டாய்கஸ் கூட்டத்தைச் சேர்ந்தவை. இலங்கையில் இல்லை என்று எண்ணப்பட்ட கொசு அது. 2010இல் மலேரியா ஜர்னலில் இது வெளியானது.

பத்தாண்டு கழித்து, 2020இல், இந்தியத் துணைக்கண்டம் முழுவதிலிருந்தும் சேகரித்த கொசுக்களைக் கொண்டு சிங், சுரேந்திரன் முதலியோர் மீண்டும் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். டி.என்.ஏ. வழியாகப் பார்த்தபோது சப்பிக்டசுக்குள் தெளிவாகப் பிரிந்து நின்றவை இரண்டு வடிவங்கள். முட்டை வரப்புகளும் நிறப்புரியும் தந்த நான்கு எழுத்துகளும் இந்த இரண்டும் ஒன்றோடொன்று நேராகப் பொருந்தவில்லை. அப்படியானால் 1980களில் நம் கடலோரத்தில் பி என்று எழுதப்பட்ட ஒவ்வொரு குறிப்பையும் இன்று எப்படிப் படிப்பது? உவர்நீர்க் கொசு என்ற உண்மை மாறவில்லை. நோயைப் பரப்பியது என்ற உண்மையும் மாறவில்லை. பெயர் மட்டும் மீண்டும் விசாரணைக்கு வந்திருக்கிறது. அந்த ஆய்வாளர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. சுகுணா பி இனத்தைப் பிரித்துக் காட்டியபோது பி.சி.ஆர். முறையே பிறக்கவில்லை. கேரி முல்லிஸ் அதைக் கண்டுபிடித்தது 1983இல்.

இன்றைய முறையில் முழுக் கொசுவும் தேவையில்லை, ஒரு கால் போதும். காலையே எடுப்பதற்குக் காரணமும் உண்டு. இரத்தம் குடித்த கொசுவின் வயிற்றில் மாட்டின் டி.என்.ஏ.வோ மனிதனின் டி.என்.ஏ.வோ கலந்திருக்கும். காலில் அந்தத் தொல்லை இல்லை. மீதிக் கொசுவை முக்கோண அட்டைத் துணுக்கின் நுனியில் ஒட்டி, ஊசியில் குத்தி, ஊரும் தேதியும் எழுதிப் பெட்டியில் வைத்துவிடலாம். நாளை யாராவது சந்தேகப்பட்டால் எடுத்துப் பார்க்க உடல் இருக்கும்.

காலை நசுக்கிக் கரைத்து டி.என்.ஏ.வைப் பிரிக்கிறார்கள். வேண்டிய பகுதியின் இரு முனைகளிலும் ஒட்டிக்கொள்ளும் குறுந்துண்டுகளைச் சேர்த்துக் கருவியில் வைக்கிறார்கள். 94 பாகை செல்சியசில் இழைகள் பிரியும். சூடு தணிந்ததும் குறுந்துண்டுகள் ஒட்டும். 72 பாகையில் புதிய இழை வளரும். ஒவ்வொரு சுற்றிலும் இருமடங்கு. 30 சுற்று முடியும்போது, எல்லாம் சரியாக நடந்தால், ஒரு இழை 100 கோடிக்கு மேலாகப் பெருகியிருக்கும். அதை அகரோஸ் ஜெல்லில் ஏற்றி மின்சாரம் பாய்ச்சினால் சிறிய துண்டு முன்னே ஓடும், பெரியது பின்தங்கும். புற ஊதா ஒளியில் பட்டை எங்கே ஒளிர்கிறது என்பதைப் பார்த்தே சில உடன்பிறப்பு இனங்களைச் சொல்லிவிடலாம். டி.என்.ஏ. சேர்க்காத ஒரு குழாயையும் கூடவே ஓட்டுவார்கள். அதில் பட்டை தெரிந்தால் எங்கோ மாசு கலந்திருக்கிறது, அன்றைய முடிவு மொத்தமும் குப்பைக்கு.

ஜெல்லோடு நிற்காமல் எழுத்து எழுத்தாகப் படிப்பதுதான் டி.என்.ஏ. பார்கோடு முறை. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹீபர்ட் 2003இல் இதை முன்வைத்தார். மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் 658 எழுத்து நீளமுள்ள பகுதியை எல்லா விலங்குகளிலும் படித்துவைத்தால், அடையாளம் தெரியாத ஒன்று வரும்போது ஒப்பிட்டுச் சொல்லலாம் என்பது யோசனை. ஒரே இனத்துக்குள் இந்தப் பகுதியில் வேறுபாடு குறைவு, இனத்துக்கு இனம் அதிகம். இரண்டு விழுக்காட்டுக்கு மேல் மாறினால் வேறு இனமாக இருக்கலாம் என்பது பலர் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. முட்டை, புழு, சிறகு உதிர்ந்த கொசு என எது கிடைத்தாலும் படிக்கலாம். நிறப்புரி முறையைப்போல் பாதிச் சூல்கொண்ட பெண்ணுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதே மரபணுவைப் படித்த புதுச்சேரி ஆய்வில் பரங்கிப்பேட்டைக் கொசுவுக்கும் வார்டிக்கும் இடையே கிடைத்த மரபணுத் தொலைவு 0.0043. ஆயிரம் எழுத்துக்கு ஏறத்தாழ நான்கு எழுத்து வேறுபாடு. பார்கோடு கணக்குப்படி இரண்டும் ஒன்றே. ஆனால் உருவத்தைப் பார்த்தவர்கள் அவற்றைத் தனித்தனி இனங்கள் என்று பெயரிட்டிருக்கிறார்கள். யார் சொல்வது சரி?

அவசரப்பட்டு மரபணு பக்கம் சாய்வது எளிது. நான் அப்படிச் சாயமாட்டேன். சி.ஓ.ஐ. தாயிடமிருந்து மட்டும் வருவது, தந்தையின் பங்கு அதில் இல்லை. அண்மையில் பிரிந்த இரு இனங்கள் இந்த ஒரு துண்டில் இன்னும் ஒத்திருக்கலாம், உடலும் இணைசேர்க்கையும் பிரிந்திருக்கலாம். கொசுக்களின் செல்லுக்குள் வாழும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா தாய்வழியே பரவும்போது, ஒரு வகை மைட்டோகாண்ட்ரியாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கூட்டம் முழுவதும் பரப்பிவிடும். இனத்தின் வரலாறு ஒன்றாகவும் மைட்டோகாண்ட்ரியாவின் வரலாறு வேறாகவும் ஆகிவிடும். நம் சாக்கடைக் கொசு கியூலெக்ஸ் குயின்குயிஃபேசியேட்டசையும் குளிர்நாட்டு கியூலெக்ஸ் பிப்பியன்சையும் சி.ஓ.ஐ. வைத்துப் பிரிப்பது அதனால்தான் நம்பத்தக்கதாக இல்லை. அங்கே உட்கரு மரபணு ஒன்றைப் பார்க்கிறார்கள். சப்பிக்டஸ் குழப்பத்தில் வெளிச்சம் காட்டியதும் மைட்டோகாண்ட்ரியா அல்ல, ரைபோசோம் மரபணு.

மறுபக்கமும் உண்டு. வேறுவேறு ஊர்களில் கிடைத்த ஒரே இனத்துக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் வைப்பது விலங்கியலில் புதிதல்ல. அப்படி நிரூபணமானால் முதலில் வைத்த பெயர் நிற்கும், பிந்தியது விழும். பெயர்கள் எவ்வளவு நிலையற்றவை என்பதற்கும் இந்தக் கொசுவே சான்று. 2000இல் ரெய்னர்ட் என்ற அமெரிக்க வகைப்பாட்டியலார் ஏடிஸ் பேரினத்தை உடைத்தார். அதனால் 2007 ஆய்வில் இது ஆக்லெரோட்டேட்டஸ் போர்ட்டோநோவோயென்சிஸ் என்று அச்சானது. 2015இல் வில்கர்சனும் பிறரும் உடைத்தவற்றை மீண்டும் ஏடிசுக்குள் சேர்த்தார்கள். கொசு அலையாத்தி நிழலில் இருந்த இடத்திலேயே இருந்தது.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. 63 இனங்களின் மரபணுவைப் படித்ததும் அவை தாமாகப் பெயர் சொல்லிவிடவில்லை. முதலில் ராஜவேல் போன்ற வகைப்பாட்டியலார் நுண்ணோக்கியில் பார்த்து இன்னது என்று சொன்ன பிறகுதான் எழுத்துவரிசைக்கு அர்த்தம் வந்தது. ராஜவேலும் நடராஜனும் வைத்தியநாதனும் இந்திய அலையாத்திக் காடுகளின் கொசுக்களைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதியவர்கள். பிச்சாவரமும் அத்தகைய ஓர் அலையாத்திக் காடு. ஒரு தரவுத்தளத்தில் தப்பான பெயரோடு ஒரு வரிசை ஏறிவிட்டால், அதை நம்பி அடுத்த பத்துப் பேர் தப்பான பெயர் சொல்வார்கள். முகவரி தப்பாக எழுதிய கடிதத்தை எவ்வளவு வேகமான தபால்காரரிடம் கொடுத்தாலும் அது உரியவரிடம் போகாது.

இது ஏதோ அறிஞர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் வாதம் என்று கடலூர் மாவட்டத்துக்காரர் யாரும் ஒதுக்கிவிட முடியாது. விருத்தாசலம் பகுதி ஜப்பானிய மூளைக்காய்ச்சலை நேரில் கண்ட பகுதி. இந்தியாவில் அந்நோய் மனிதரிடம் முதலில் அறியப்பட்டது 1955இல் வேலூரில். பழைய தென்னாற்காட்டில் மதுரை மையம் மூன்றாண்டு தொடர்ந்து கொசுக்களைப் பிடித்து, இனம் பிரித்து, வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தது. அதன் முடிவுகள் 1997இல் வெளியாயின. முதன்மைக் குற்றவாளி கியூலெக்ஸ் டிரைட்டீனியோரிங்கஸ். அதோடு கியூலெக்ஸ் விஷ்ணுயி, கியூலெக்ஸ் சூடோவிஷ்ணுயி என்ற உறவினங்களும் அதே நெல்வயலில் வளர்கின்றன. செதில் உதிர்ந்த பெண் கொசுவைக் கொடுத்தால் இவற்றைப் பிரிப்பதற்குள் கை தேர்ந்தவர்களுக்கே வியர்த்துவிடும். வைரஸ் சோதனைக்கு ஓர் இனத்துக் கொசுக்களைக் கூட்டமாகச் சேர்த்து அரைக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் வேறு இனம் ஒன்று கலந்துவிட்டால், வைரஸ் யாருடையது என்று பிறகு சொல்ல முடியாது. அரைப்பதற்கு முன் ஒரு காலை எடுத்து வைத்துக்கொள்ளும் இன்றைய வசதி இங்கேதான் விலைமதிப்பற்றதாகிறது. மதுரை மையத்தின் ரேச்சல் ரூபன், திவாரி, ஹிரியன் முதலியோர் மூளைக்காய்ச்சல் கியூலெக்ஸ்களை இனங்காண 1994இல் வெளியிட்ட படவிளக்கத் திறவுகோலைப் பூச்சியியலார் இன்னமும் விரித்துவைத்துத்தான் பார்க்கிறார்கள். பரங்கிப்பேட்டைக் கொசுவுக்குப் பெயரிட்ட இருவரும் இவர்களில் அடக்கம் என்பதைக் கவனியுங்கள்.

புதியவை வந்து சேரும் காலமும் இது. உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் அனாபிலிஸ் ஸ்டீபென்சி கிடைத்தது. அதுவரை அங்கே இல்லாத கொசு அது. கண்ணால் பார்த்து ஐயப்பட்டதை டி.என்.ஏ. உறுதிசெய்தது. இதே கொசு 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டறியப்பட்டு, அங்கிருந்து நகர மலேரியாவுக்குப் புதிய பாதை போட்டுவிட்டது. அந்தப் பழக்கப்பட்ட கண் மன்னாரில் இல்லாதிருந்தால் அந்தக் கொசு எந்தச் சோதனைக் குழாய்க்கும் போயிருக்காது.

அந்தக் கண்தான் குறைந்துகொண்டே வருகிறது என்பது எனக்கு உண்மையான கவலை. பி.சி.ஆர். செய்யத் தெரிந்த இளைஞர்கள் நம் பல்கலைக்கழகங்களில் நிறைய உருவாகிறார்கள். கொசுப்புழுவை வளர்த்து, அது உரித்த தோலையும் கூட்டுப்புழுத் தோலையும் எடுத்துத் தகட்டில் பதித்து, வெளிவந்த கொசுவோடு ஒரே எண்ணிட்டுப் பாதுகாக்கத் தெரிந்தவர்கள் அரிது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்காமல் காப்பதே ஒரு வேலை. அதற்குப் பதவியும் சம்பளமும் தர யாரும் முந்துவதில்லை. கட்டுரை வெளியாகும் வேகத்தை வைத்து ஆய்வாளரை எடைபோடும் வரை இது மாறப்போவதும் இல்லை.

பரங்கிப்பேட்டைக் கொசுவின் வழக்கைத் தீர்க்க என்ன வேண்டும் என்பது தெளிவானதுதான். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் உள்ள பிச்சாவரம் உப்பங்கழியில் வற்றுநேரத்தில் இறங்கி, மரத்தடிக் குழிகளிலிருந்து புழுக்களை எடுத்து வளர்க்க வேண்டும். ஆண் கொசுவின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து, பெயரிட்டபோது வைத்த மூல மாதிரியோடு ஒப்பிட வேண்டும். வார்டி கிடைக்கும் கரைகளிலிருந்தும் அப்படியே சேகரிக்க வேண்டும். இரண்டிலும் சி.ஓ.ஐ.யோடு நிற்காமல் ஐ.டி.எஸ்.2 போன்ற உட்கருப் பகுதிகளையும் படிக்க வேண்டும், வோல்பாக்கியா உண்டா என்றும் பார்க்க வேண்டும். உடலும் உட்கருவும் சேர்ந்து இரண்டு என்றால் இரண்டு. இரண்டும் சேர்ந்து ஒன்று என்றால், பிந்தி வந்த போர்ட்டோ நோவோ என்ற பெயர் பட்டியலிலிருந்து போகும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, புதுச்சேரியில் கொசுப் பெட்டிகள் இருக்கின்றன. காட்டுக்கும் பெட்டிக்கும் ஜெல்லுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு காலைப் பேருந்துப் பயணம்தான்.